கல்ச்சர் டெஸ்ட்: இரண்டு நாள் பொறுத்தால் என்ன தெரியும்?

(மருத்துவ உதவி நிதிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கணக்கை வாசிப்பதற்கு முன் ஒரு தவறை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. உதவி கேட்டு வரும் பில்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதில் 'யூரின் கல்ச்சர்', 'பிளட் கல்ச்சர்' என்று வரும் தொகையைப் பல தடவை சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். "சாதாரண யூரின் டெஸ்ட்தான் எடுத்தாயிற்றே, இது எதற்கு இன்னொரு செலவு?" என்பது என் எண்ணம். என் வீட்டிலேயே நடந்த பிறகுதான் புத்தி வந்தது.

என் உம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. போன வருஷம் நீர்க்கடுப்பு வந்தது. மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் எரிச்சல் குறைந்தது, மாத்திரையை நிறுத்திவிட்டோம். ஒரு வாரம் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். மறுபடி அதே மாத்திரை, காய்ச்சல் இறங்கவில்லை. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கல்ச்சருக்கு எழுதினார். ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகும் என்றதும் எனக்குச் சலிப்பு. மூன்றாம் நாள் வந்த தாளில் 'ஈ.கோலை' என்ற கிருமியின் பெயர் இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த மருந்துக்கு நேரே 'ஆர்' என்று போட்டிருந்தது. அதாவது, அந்த மருந்து அந்தக் கிருமியிடம் எடுபடாது. கேட்கும் மருந்து எது என்று பார்த்து டாக்டர் ஊசியை மாற்றினார். இரண்டு நாளில் உம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தத் தாளில் உள்ளதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று லேபில் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் உட்கார்ந்து கேட்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

சாதாரண யூரின் டெஸ்ட்டில் சீழ் அணுக்கள் தெரியும். புண் இருக்கிறது என்று அது காட்டும். எந்தக் கிருமி என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கிருமிக்குச் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டும். அந்தச் சாப்பாட்டைக் கெட்டியாக்கும் பொருள் எது தெரியுமா? நோன்பு திறக்க நம் வீடுகளில் காய்ச்சுகிறோமே, அதே கடல்பாசி! லேபில் அதை 'அகார்' என்கிறார்கள்.

1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற அறிஞர் ஜெலட்டினில் கிருமி வளர்த்துப் பார்த்தார். உடம்புச் சூடான 37 டிகிரியில் வைத்தால் ஜெலட்டின் உருகிவிடும். அவரிடம் வேலை பார்த்த வால்டர் ஹெஸ் என்பவரின் மனைவி ஃபேனி, ஜாவாவில் வாழ்ந்திருந்த ஒருவரிடமிருந்து கற்று, சமையலில் அகார் சேர்ப்பவர். அதைப் போட்டுப் பார்க்கும்படி அவர்தான் சொன்னார். அகார் கொதிநிலையை நெருங்கினால்தான் உருகும், 40 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஆகவே 37 டிகிரியில் கெட்டியாகவே நிற்கும். இன்றுவரை உலகத்து லேபுகளில் அதுதான் நடக்கிறது. அடுப்படி அறிவு சின்ன அறிவல்ல, தாய்மார்களே.

அந்த அகாரில் என்ன சேர்க்கிறோம் என்பதில்தான் அடையாளம் காணும் வழி இருக்கிறது. மெக்காங்கி என்ற தட்டில் பித்த உப்பு, பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை, ஒரு சாயம் மூன்றும் உண்டு. பித்த உப்பு பல கிருமிகளை வளரவிடாது. ஈ.கோலை லாக்டோஸைத் தின்று புளிப்பு உண்டாக்கும். அதனால் ரோஜா நிறத்தில் வளரும். டைபாய்டு கிருமி லாக்டோஸைத் தின்னாது, நிறமில்லாமல் நிற்கும். ஆட்டு ரத்தம் சேர்த்த தட்டும் உண்டு. தொண்டைப்புண் உண்டாக்கும் ஒரு வகைக் கிருமி ரத்த அணுக்களை உடைத்துத் தன்னைச் சுற்றித் தெளிந்த வளையம் போடும்.

பிறகு கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றுவார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்பவர் 1884-ல் சொன்ன முறை இது. சில கிருமி ஊதாவாகவே நிற்கும், சில சிவந்து காணும். அடுத்துச் சின்னச் சின்னச் சோதனைகள். ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் ஸ்டெஃபைலோகாக்கஸ் நுரைக்கும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுரைக்காது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துத்தான் பெயருக்கு வருகிறார்கள்.

கடைசியாக, கிருமியைத் தட்டு முழுவதும் பூசி, மருந்தில் நனைத்த சின்ன வட்டத் தாள்களை மேலே வைப்பார்கள். மருந்து கேட்டால் அதைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வட்டம் விழும். அதை அளந்து, அந்த மருந்துக்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டு, கேட்பதற்கு 'எஸ்', கேட்காததற்கு 'ஆர்' என்று எழுதுவார்கள். கிருமி வளர ஒரு இரவு, மருந்துச் சோதனைக்கு இன்னொரு இரவு. இரண்டு நாள் ஆவது இதனால்தான். காசநோய்க் கிருமி இன்னும் மெதுவாக வளரும். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

இனி நாம் கவனிக்க வேண்டியவை.

ஒன்று, டாக்டர் கல்ச்சர் எழுதினால், முடிந்தவரை முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மாத்திரை போட்ட பின் கொடுத்தால், நோய் இருந்தும் 'வளர்ச்சி இல்லை' என்று வரலாம். ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நிலைமை மோசமானவர்களுக்கு டாக்டர் சாம்பிள் எடுத்த கையோடு மருந்தும் தொடங்குவார். ரிப்போர்ட் வரட்டும் என்று நீங்கள் அதைத் தடுக்காதீர்கள்.

இரண்டு, லேபில் தரும் கிருமி நீக்கிய டப்பாவில் மட்டும் பிடியுங்கள். வீட்டு பாட்டில் வேண்டாம். கழுவிவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. உடனே கொண்டு சேருங்கள்.

மூன்று, தாளில் 'எஸ்' என்று இருக்கிறதே என்று நீங்களே கடைக்குப் போகாதீர்கள். வயது, சிறுநீரகம், கர்ப்பம் எல்லாம் பார்த்து டாக்டர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்கு, பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்து, அடுத்த முறை போகும்போது காட்டுங்கள்.

நிர்வாகக் குழுவில் பேசி முடிவு செய்துவிட்டோம். டாக்டர் எழுதிய கல்ச்சர் டெஸ்ட் பில்லை இனி அடிக்க மாட்டோம். என் கையால் மறுக்கப்பட்டவர்கள் பழைய பில்லோடு அலுவலகத்துக்கு வாருங்கள், தொகையைப் பெற்றுக்கொள்ளுங்கள். என்னையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.