துணி மூட்டையும் பாட்டுப் புத்தகமும்
(தையல் வகுப்பு முடிவில் பேசியது)



எங்கள் வகுப்பில் தையல் பழகிய இரண்டு பிள்ளைகளுக்கு, தைத்த சட்டைகளைக் கீழ் டிவிசனுக்குக் கொண்டுபோய் விற்க வெட்கமாம். "மூட்டை தூக்கிப் போனா நாலு பேர் சிரிப்பாங்க சார்" என்றார்கள். அதனால்தான் இதைச் சொல்லுகிறோம்.

தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் படித்தவர், பத்திரிகையாளர். சுமார் நூறு வருஷத்துக்கு முந்தி, வெளியாள் தோட்டத்துக்குள் லேசில் கால் வைக்க முடியாது. துணி வியாபாரி என்றால் விடுவார்கள். அவரும் துணி மூட்டையோடு உள்ளே போனார். லயத்துச் சனங்களின் கஷ்டத்தை நேரில் பார்த்தார், பத்திரிகையில் எழுதினார். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கமும் அமைத்தார். அவர் மூட்டையைப் பார்த்தும் யாராவது சிரித்திருப்பார்கள்.

அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் இன்னும் ஒரு படி மேல் என்பது எங்கள் எண்ணம். தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக எழுதி, சனங்களுக்குத் தெரிந்த மெட்டிலேயே போட்டு, கூட்டங்களில் தாமே பாடினார். 1940-இல் அவை சின்னப் புத்தகமாகவும் வந்தன. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் மெட்டு தெரியுமே!

பிள்ளைகளே, சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு காலை பிள்ளைமடுவத்துக்கு வாருங்கள். கீழ் டிவிசனுக்கு நாங்களும் வருகிறோம். முதல் மூட்டை எங்கள் தோளில்.