துண்டுக்கு அடியில் சம்பளம்



பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். சந்தை முழுக்க ஒரே சத்தம். ஆனால் விலை பேசுகிற இடம் மட்டும் அமைதியாக இருக்கும். தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கை மேல் போர்த்திக்கொள்வார். வாங்குபவரின் கையும் அதற்குள்ளே போகும். விரலை அழுத்தி, விரலைப் பிடித்து, உள்ளேயே பேரம் நடக்கும். பக்கத்தில் நிற்கிற நமக்கு முகம் மட்டும்தான் தெரியும், தொகை தெரியாது.

அந்தத் துண்டு இப்போது நேர்காணல் அறைக்குள்ளும் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் தெருவில் ஒரு பையன். பொறியியல் படித்தவன். ஒரு நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்தான். முதல் சுற்று ஆன்லைன் தேர்வு. இரண்டாம் சுற்றுக்கு வீடியோ நேர்காணல் என்றார்கள். சட்டையை இஸ்திரி போட்டு, மாடி அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். திரையில் ஆளே இல்லை. கேள்வி எழுத்தில் வருகிறது. யோசிக்க அரை நிமிடம், பதில் சொல்ல இரண்டு நிமிடம். மூலையில் நொடிகள் குறைந்துகொண்டே போகின்றன. கீழே களத்தில் பாரையில் தேங்காய் உரிக்கிற சத்தம். அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு மூச்சுவிடாமல் நிற்கிறார். இவன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு, தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் சுற்று கோவையில். விடிகாலை பஸ் பிடித்து உக்கடம், அங்கிருந்து சரவணம்பட்டி. பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். "ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி. அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னான்: "ஏனுங்க மாமா, அடுத்த மாசம் எங்க இருப்பேன்னே எனக்குத் தெரியலைங்களே!"

அடுத்தது, "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?" குறைத்துச் சொன்னால் தன் மதிப்பே தெரியாதவன். கூட்டிச் சொன்னால் பேராசைக்காரன். அவர்களிடம் ஒரு தொகை இருக்கிறது, அது துண்டுக்கு அடியில். இவன் கையை மட்டும் வெளியே நீட்டச் சொல்கிறார்கள்.

கடைசியில், "சொல்லி அனுப்புகிறோம்." மூன்று மாதம் காத்திருந்தான். யாரும் சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

இந்தத் தொல்லை நம் காலத்தில் பிறந்தது இல்லை. 1921ல் அமெரிக்காவில் தாமஸ் எடிசன், தன்னிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் அடங்கிய தாளைக் கொடுத்தார். பிரான்சைச் சுற்றியுள்ள நாடுகள் எவை, வால்கா நதி எங்கே ஓடுகிறது என்றெல்லாம் கேள்விகள். அது பத்திரிகைகளில் வெளியாகி ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அதே ஆண்டு அங்கே வந்த ஐன்ஸ்டைனிடம், ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதை நான் மண்டையில் சுமப்பதில்லை என்கிற அர்த்தத்தில் அவர் பதில் சொல்லிவிட்டார். அவர் ஐன்ஸ்டைன், தப்பித்துக்கொண்டார். வேலை தேடி வந்தவன் அப்படிச் சொல்லியிருந்தால்?

நம் பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்தார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவர், ஜி.டி. நாயுடு. பட்டம் வாங்காதவர். கையில் காசு சேர்க்க ஓட்டலில் வேலை பார்த்தவர். இன்றைக்கு அவருடைய பயோடேட்டாவைக் கணினியில் ஏற்றினால் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும்.

அப்படியென்றால் ஆளை எப்படித்தான் கண்டுபிடிப்பது? கோவைப் பட்டறைகளில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. வேலை கேட்டு வந்த டர்னரிடம், உன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று முதலாளி கேட்கமாட்டார். ஒரு டிராயிங்கைக் கொடுத்து, லேத்தைக் காட்டி, "ஒரு ஜாப் கடைஞ்சு காட்டு தம்பி" என்பார். பிறகு வெர்னியரை வைத்து அளந்து பார்ப்பார். அளவு சரியாக இருந்தால் ஆள் சரி.

ஆராய்ச்சியாளர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர், 85 ஆண்டுகள் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 1998ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்றைக்கு வாயில் வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்பதும், செய்யவேண்டிய வேலையையே கொஞ்சம் செய்துகாட்டச் சொல்வதும், ஆளை நன்றாகக் காட்டிக்கொடுக்கின்றன என்றார்கள். புதிர் போட்டு ஆளெடுப்பதற்குப் பேர்போன கூகுளில் ஆளெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ பாக்கும், 2013ல், அந்தப் புதிர்களெல்லாம் வெறும் நேர விரயம் என்று ஒத்துக்கொண்டார். நம் மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டது. நேர்முகம் என்றால் சிபாரிசு என்று ஜனங்கள் நினைத்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நிறைகுடம் தளும்பாது என்று இருபத்தோரு வருடம் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். அப்புறம் ஒருநாள் ஓர் அறைக்குள் அனுப்பி, அரைமணி நேரம் தளும்பிக் காட்டு என்கிறோம். எங்கள் தெருப் பையன் தோட்டத்துச் சொட்டுநீர் மோட்டாருக்குத் தானே டைமர் செய்து பொருத்தியவன். ராத்திரி கரண்ட் வந்ததும் தோப்புக்கு ஓடுகிற வேலை அவன் அப்பாவுக்கு அதோடு போயிற்று. அதை நேர்காணலில் சொன்னாயா என்று கேட்டேன். "அதெல்லாம் போய் எப்படிங்க சொல்றது?" என்றான். அதைத்தான் சொல்லவேண்டும், கண்ணு. நான் கடின உழைப்பாளி என்று சொல்வதுதான் பீற்றல். நான் செய்தது இது, இதனால் இந்த வேலை மிச்சமாயிற்று என்பது கணக்கு.

அதற்குப் பிறகு அவன் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டான். நேர்காணல் முடிந்து திரும்புகிற பஸ்ஸிலேயே, நாற்பது பக்க நோட்டில், கேட்ட கேள்விகளையெல்லாம் எழுதிவிடுவான். வழியில் கிணத்துக்கடவு வருவதற்குள் எழுதி முடித்து, போட்டோ எடுத்துக் கூட்டாளிகளுக்கு அனுப்பிவிடுவான். ஒருவன் பட்ட பாடு, அடுத்தவனுக்குப் பாடம். நோட்டின் முதல் பக்கத்தில் அவன் திருப்பிக் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்: மொத்தம் எத்தனை ரவுண்டு? இந்த வேலைக்குச் சம்பளம் எதிலிருந்து எதுவரை? எந்தத் தேதிக்குள் பதில் தெரியும்? மரியாதையாகத்தான் கேட்பான். நம் ஊர் "ங்க" எதற்கு இருக்கிறது? வேலைக்கு முன்பணம் கட்டு என்று யாராவது கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடவேண்டும். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடவேண்டும்.

முதலாளிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓர் இடத்துக்கு நூறு விண்ணப்பம் வந்தால் நூறு பேரோடும் உட்கார்ந்து பேச முடியாது. ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு, அதைக் காட்டி வேறிடத்தில் சம்பளம் பேசிவிட்டு, சேருகிற நாளன்று போனை அணைத்துவைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதுவும் துண்டுக்கு அடியில் விரலை மடக்குகிற வேலைதான்.

ஆனால் சந்தையை ஒரு விஷயத்தில் மெச்சத்தான் வேண்டும். விலை படியவில்லை என்றால் கை துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்துவிடும். படியவில்லை என்பது இரண்டு பேருக்கும் அந்த நொடியே தெரியும். மாட்டுக்காரர் பொழுது சாய்வதற்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடலாம். மூன்று மாதம் சந்தையிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்தப் பையன் இப்போது ஒரு பம்ப் கம்பெனியில் இருக்கிறான். அங்கே டிராயிங்கைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்லித்தான் எடுத்தார்களாம். போன மாதம் அவன் பிரிவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்த ஏழு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இவனிடமே கொடுத்திருக்கிறார்கள்.

"மீதி ஆறு பேரை என்னப்பா பண்ணினாய்?" என்று கேட்டேன்.

"அன்னைக்குச் சாயங்காலமே ஆறு பேருக்கும் போன் போட்டு, இல்லைன்னு சொல்லிட்டேனுங்க மாமா. அஞ்சு பேர் தேங்க்ஸுங்கன்னாங்க. ஒருத்தன் மட்டும் பத்து நிமிசம் திட்டுனான்."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒண்ணும் சொல்லலைங்க. கேட்டுக்கிட்டேன்."