கல்லீரல் செல்லுக்குள் கால்சியம்



கால்சியம் என்றதும் பாலும் கேழ்வரகும், எலும்பும் பல்லும்தான் நினைவுக்கு வரும். அதே கால்சியம் கல்லீரல் செல்லுக்குள் அளவு மீறிப் புகுந்தால், அந்தச் செல்லையே கொன்றுவிடும்.

ரத்தத்தில் கால்சியம் தாராளமாக இருக்கிறது. செல்லின் உள்திரவத்தில் இருப்பதோ அதில் ஏறக்குறைய 10,000-இல் ஒரு பங்கு. கசிகிற தோணியிலிருந்து ஓயாமல் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, செல் சவ்வில் உள்ள பம்புகள் ராப்பகலாகக் கால்சியத்தை வெளியே தள்ளுகின்றன. உள்ளே மிஞ்சுவது சவ்வுப் பைகளிலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் அடைபட்டுக் கிடக்கும். இந்தக் காவல் தளர்ந்தால், புரதத்தை வெட்டும் என்சைம்களும் சவ்வை அரிக்கும் என்சைம்களும் கட்டுப்பாடில்லாமல் வேலையில் இறங்கிவிடும்.

நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அளவோடு சாப்பிட்டால் நல்ல மருந்து. அதில் ஒரு சிறு பகுதியைக் கல்லீரல் நச்சுப் பொருளாக மாற்றுகிறது. அதைச் செல்லிலேயே இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் உடனுக்குடன் அடக்கிவிடும். மாத்திரை அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும். பிறகு அந்த நச்சு புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். கால்சியம் பம்புகளும் தப்புவதில்லை. மைட்டோகாண்ட்ரியா பழுதாகிச் சக்தி உற்பத்தி படுத்துவிடும். சக்தி இல்லாமல் மிச்சமிருக்கும் பம்புகள் எப்படி ஓடும்?

செல்லின் சாவில் கால்சியத்தின் பங்கு தெளிவானது ஒரு நல்ல சர்ச்சையின் வழியாக. சுற்றியுள்ள கரைசலில் கால்சியம் இருந்தால்தான் நச்சுப்பட்ட கல்லீரல் செல்கள் சாகின்றன என்று 1979-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். கால்சியமே இல்லாத கரைசலிலும் அவை சாகின்றன என்று 1981-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஸ்டென் ஒர்ரேனியஸ் குழுவினர் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அதே குழு, எலியின் கல்லீரல் செல்களின் மேல் கொப்புளங்கள் கிளம்புவதை விவரித்தது. உருண்டையான செல், அதன் விளிம்பில் ஒன்று, பக்கத்தில் இன்னொன்று என்று சவ்வு உப்பிக்கொண்டே போகும். வெளியிலிருந்து கால்சியம் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை; உள்ளே அடைத்து வைத்ததைத் திறந்துவிட்டாலே போதும் என்பது இந்த ஆய்வுகளால் விளங்கியது. கால்சியம் மட்டும் தனியாகக் கொல்வதில்லை, சக்தி இழப்பும் ஆக்சிஜனேற்றப் பாதிப்பும் கூடவே சேர்கின்றன என்று இன்று ஒப்புக்கொள்கிறார்கள்.

கல்லீரலுக்குள் இவ்வளவும் நடந்து முடிய நேரம் பிடிக்கும். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு முதல் நாள் கொஞ்சம் குமட்டல் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். மஞ்சள் காமாலை தெரியும்போது செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்திருக்கும். குளூட்டாதயோனை மீட்டுக் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து, 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்குப் பாரசிட்டமாலின் உச்ச அளவு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு. தினமும் மது அருந்துபவர்களுக்கும் மெலிந்து போனவர்களுக்கும் அதுவே அதிகம். சளி மருந்திலும் உடல்வலி மாத்திரையிலும் வேறு பெயரில் பாரசிட்டமால் கலந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் யாராவது அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று மருத்துவர் முதலில் கேட்பார். காலி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.