பழுதை எதிர்பார்த்தவர்கள்

கட்டுரையாளர்களே, ஆய்வு மாணவர்களே, பணி ஓய்வுக்குப் பிறகும் நமக்காக வந்திருக்கும் கணினி இயக்குநர்களே,

அலுவலகக் கணினியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வேகத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். தேர்ந்த எழுத்தர் ஒருவர் எட்டு நிமிடத்தில் போடும் சம்பளக் கணக்கை லியோ என்னும் கணினி ஒன்றரை வினாடியில் போட்டது என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. உண்மைதான். ஆனால் சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருந்தவருக்கு இருந்த கவலை வேறு: சம்பள நாளுக்கு முந்தின இரவு இந்த இயந்திரம் ஓடுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களே அலுவலகக் கணினித் தொழிலை உருவாக்கினார்கள் என்பது என் உறுதியான கருத்து.

லண்டனில் தேநீர்க் கடைகளும் பேக்கரியும் நடத்திய லயன்ஸ் நிறுவனம் 1947இல் தாம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் எட்சாக் என்னும் கணினியைக் கட்டிவருவதை அவர்கள் அங்கேதான் அறிந்தார்கள். லயன்ஸ் அதற்குப் பணமும் ஆளும் தந்து உதவியது. 1949 மே மாதம் எட்சாக் ஓடியதும், அதை அடியொற்றித் தன் கேட்பி ஹால் வளாகத்தில் லியோவைக் கட்டியது. 1951 நவம்பர் இறுதியில் லியோ பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது.

லியோவில் ஏறத்தாழ 6,000 வால்வுகள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு வால்வின் குணம் தெரியும்: நேற்று வரை ஒழுங்காக எரிந்தது இன்று பேசாமல் நின்றுவிடும். வானொலியில் ஐந்தாறு வால்வுகள்தான், இங்கே ஆயிரக்கணக்கில். நினைவகமோ பாதரசம் நிரப்பிய 64 குழாய்கள். எண்கள் ஒலித்துடிப்புகளாக அவற்றுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். வெப்பம் மாறினால் பாதரசத்தில் ஒலியின் வேகமும் மாறும். துடிப்பு தன் நேரத்துக்கு வந்து சேராவிட்டால் கணக்கு கெடும்.

தலைமைப் பொறியாளர் ஜான் பிங்கர்டன் இதை எதிர்கொண்ட விதத்தை மாணவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். வேலை தொடங்கும் முன் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே சற்று ஏற்றியும் இறக்கியும் சோதனை நிரல்களை ஓட்டுவார்கள். தளர்ந்துபோன வால்வு அந்த நெருக்கடியில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உடனே கழற்றி வேறொன்றைப் பொருத்துவார்கள். நடுவேலையில் வரவிருந்த பழுதைக் காலையிலேயே வரவழைத்துத் தீர்க்கும் இந்த முறையை நான் பெரிதாக மதிக்கிறேன். பல வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது.

எல்லாப் பழுதும் இப்படிப் பிடிபடவில்லை. தரவை விரைவாக உள்ளே செலுத்த வெளி நிறுவனம் ஒன்று செய்து தந்த காந்தநாடாக் கருவிகள் கடைசிவரை ஒத்துழைக்கவில்லை. நீண்ட தாமதத்துக்குப் பின் அவற்றைக் கைவிட்டு, துளை அட்டைக்கும் காகிதநாடாவுக்கும் திரும்பினார்கள். நிரல் பிரிவை நடத்திய டேவிட் காமினர், ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்காமல் இயந்திரத்தில் ஏற்ற விடமாட்டார். சம்பளக் கணக்கைப் பழைய முறையிலும் லியோவிலும் இணையாகப் போட்டு ஒப்பிட்ட பிறகே லியோவை நம்பிச் சம்பளம் தந்தார்கள். தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

அட்டைகளைப் பற்றியும் ஒரு சொல். ஐபிஎம் அட்டையில் 80 பத்திகள். ஒருவர் துளையிட்ட அட்டையை வேறொருவர் சரிபார்ப்பு இயந்திரத்தில் மறுபடி தட்டச்சு செய்வார். இரண்டும் ஒத்தால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு வெட்டு விழும். பிழை இருந்தால் அந்தப் பத்திக்கு நேர் மேலே விழும். கட்டு கைதவறிக் கீழே விழுந்தால்? அதற்காகவே கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் மூலைவிட்டமாக ஒரு கோடு இழுத்திருப்பார்கள். கோடு சேரும்வரை அடுக்கினால் வரிசை திரும்பிவிடும். இதை முதலில் செய்தவர் பெயரை எந்த நூலிலும் நான் கண்டதில்லை. இப்படிப்பட்ட நுட்பங்கள் கைக்குக் கை மாறி வந்தவை. எழுதி வைக்காவிட்டால் தெரிந்தவர்களோடு போய்விடும்.

ஆகவே இந்தக் கருத்தரங்கிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் கணினி அறைப் பதிவேடுகள் எடைக்குப் போகும் முன் கேட்டு வாங்குங்கள். எந்த நேரத்தில் எது நின்றது, யார் வந்து சரிசெய்தார்கள் என்ற குறிப்புகள் அவற்றில்தான் இருக்கும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இயக்குநர்களிடம் இன்றே பேசிப் பதிவு செய்யத் தொடங்குங்கள். மதிய இடைவேளைக்குப் பக்கத்து அறையை அதற்காகவே ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதல் அமர்வின் கட்டுரை பாதரச நினைவகத்தின் வெப்பக் கட்டுப்பாட்டைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.