நடத்தையியலும் நம் முன்னேற்றமும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

மனிதர் எவ்வாறு முடிவெடுக்கின்றனர், எச்சூழலில் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்று ஆராயும் துறை நடத்தையியல் எனப்படும். இதனைப் பொருளியலில் புகுத்திய டேனியல் கானெமன் 2002-இலும், ரிச்சர்டு தாலர் 2017-இலும் நோபல் பரிசு பெற்றனர். பிரிட்டிஷ் அரசு 2010-இல் இதற்கெனத் தனிக்குழுவே அமைத்தது. இத்துணைப் பெருமை பெற்ற இத்துறை நம் சேரிப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதே நம் கேள்வி.

"உதவித்தொகை இருந்தும் வாங்கத் துப்பில்லை, படிப்பில் நாட்டமில்லை" என்னும் பழிச்சொல்லை வெளியாரிடம் கேட்கிறோம். வருந்தத்தக்க வகையில், நம் வீட்டுத் திண்ணையிலும் கேட்கிறோம். அச்சொல் மெய்தானா?

அமெரிக்கக் கறுப்பினத்தவரான கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் இணையர் உளவியல் வல்லுநர்கள். நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி, நல்ல பொம்மை எது என்று அவர்கள் வினவினர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைச் சுட்டின. மூன்று வயது முதல் ஏழு வயதுக்குட்பட்ட பிஞ்சுகள்! 1954-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வை அடிக்குறிப்பில் எடுத்துக்காட்டிற்று. ஓர் ஆய்வு அரசியலைத் தொட்ட வரலாறு இது.

நம் நாட்டிற்கு வருவோம். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவர் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்க்கு வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தனர். தீர்த்த புதிர்களுக்குப் பணமும் தந்தனர். மேற்சாதியார் 321 பேர், தாழ்த்தப்பட்டோர் 321 பேர். சாதியை எவரும் கூறாதபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்த்தனர். ஒவ்வொருவர் பெயரோடும் தந்தை பெயரும் சாதியும் சேர்த்து அனைவர் முன்னிலையிலும் படிக்கப்பட்டபோது, நம் சிறுவரின் திறன் வீழ்ந்தது. அதே மூளை, அதே கை. இடையில் வந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே. வருகைப் பதிவேட்டைப் பார்த்து, "உதவித்தொகைப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று உரக்கக் கூறும் ஆசிரியர் எவரேனும் இன்றும் இருப்பாராயின், இவ்வாய்வை அவர் படித்தல் நலம்.

வறுமையும் இவ்வாறே மனத்தை அழுத்துகிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு பயிரிடும் 464 உழவரை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாள்களில் அவர்கள் சோதனையில் பெற்ற மதிப்பெண், அறுவடைக்குப் பின் அதே உழவர் பெற்றதைவிடக் குறைவு. இத்துறையின் ஆய்வுகள் சில, மறுமுறை செய்தபோது அதே விடையைத் தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். எனினும் "ஏழைக்கு அறிவில்லை" என்னும் பழங்கதையை இவை உலுக்கிவிட்டன.

இனி நமக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று. அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பம் அக்காலத்தில் நீண்டதாகவும் சிக்கலானதாகவும் இருந்தது. வருமான வரிக் கணக்கு எழுதும் அலுவலகத்திற்கு வந்த எளிய குடும்பங்களில் ஒரு பகுதியினர்க்கு, அங்கேயே அவ்விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தனர். மற்றொரு பகுதியினர்க்கு எவ்வளவு தொகை கிடைக்கும் என்னும் செய்தியை மட்டும் கூறி ஊக்கமூட்டினர். 2012-இல் வெளிவந்த முடிவு என்ன? நிரப்பிக் கொடுக்கப்பட்ட குடும்பங்களில், பள்ளியிறுதி மாணவர் கல்லூரி சேர்ந்த விழுக்காடு 34-இலிருந்து 42-ஆக உயர்ந்தது. செய்தியும் ஊக்கமும் மட்டும் பெற்றோரிடம் மாற்றமே இல்லை! மேடையேறி அறிவுரை வழங்கும் எம்மைப் போன்றோர் சற்று நாணவேண்டிய முடிவு இது.

அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944-இல், நம் மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கப்பெற்றது. அவ்வுரிமைக்கும் நம் பிள்ளைக்கும் இடையே இன்று நிற்பவை யாவை? சான்றிதழில் ஒருவாறும் வங்கிக் கணக்கில் வேறுவாறும் எழுதப்பட்ட தந்தையின் முதலெழுத்து. கூலி வேலையை ஒருநாள் விட்டால்தான் வாங்கக்கூடிய வருமானச் சான்று. முடிந்துபோன கடைசி நாள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மக்களை இலேசாகத் தூண்டிவிட்டாலே போதும், சட்டமும் இடஒதுக்கீடும் எதற்கு என்பார் உளர். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களை அனுப்பினர். தலித் பெயர் தாங்கியவற்றுக்கு வந்த அழைப்பு குறைவு. அங்கே திருத்தப்பட வேண்டியது விண்ணப்பித்தவன் நடத்தையா, தேர்ந்தெடுப்பவன் நடத்தையா?

ஆகவே கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் இம்மன்றத்தில் ஒரு மேசையிடுங்கள். பட்டம் பெற்ற இளைஞர் இருவர் அமர்ந்து, வருவோர்க்கு விண்ணப்பத்தைத் தாமே நிரப்பித் தரட்டும். குடும்ப அட்டை, ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் கொண்டுவருமாறு முன்வாரமே வீடுதோறும் சொல்லட்டும். வருமானச் சான்று இல்லாதவரோடு ஒருவர் இ-சேவை மையம் வரை உடன் செல்லட்டும். முதல் ஞாயிற்றுக்கு அமரும் இருவர் யாவர் என்பதை, நாம் இங்கிருந்து எழுமுன் பெயரோடு குறித்துக்கொள்வோம். ஏடு செயலாளரிடம் இருக்கிறது.