முகிலில் ஓர் உள்ளறை
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



முகில் என்றதும் எவரும் ஆகாயத்தை நோக்க வேண்டியதில்லை. பிறர் கட்டடத்திலுள்ள கணினிகளை வாடகைக்குப் பெற்றுத் தூரத்திலிருந்தே ஆள்வதைத்தான் முகிற் கணிமை என்கின்றனர். அமேசன் நிறுவனம் 2006இல் இவ்வாறு கணினிகளை வாடகைக்கு விடத் தொடங்கிற்று. 2009இல், அங்கே வேலியடைத்த தனி வளவொன்றை அமைக்கும் வசதியையும் தந்தது. அந்த வளவின் பெயர் வீ.பி.சீ. அதனுள் இணையச் சேவையகமும் தரவுத்தளமும் எவ்வாறு இணைகின்றன என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

எம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். படலையால் வருபவர் விறாந்தையில் இருப்பார். காணி உறுதியும் நகையும் உள்ளறையில் இருக்கும். வேண்டியதை வீட்டுக்காரரே உள்ளே சென்று எடுத்து வருவார். இணையச் சேவையகம் விறாந்தை. உலகத்தார் 443 என்னும் வாயிலால் அதனிடம் வரலாம். தரவுத்தளம் உள்ளறை. இணையத்துக்குப் போகும் பாதையில்லாத உபவலையில் அதனை வைத்து, பொது முகவரி கொடாது விடுதல் வேண்டும். 10 என்று தொடங்கும் முகவரிகள் இதற்கு உகந்தன. தனிவலைகளுக்கென ஒதுக்கப்பட்ட இவை பொது இணையத்திற் செல்லா.

அப்படியாயின் சேவையகம் எவ்வாறு உள்ளே செல்லும்? இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் வழக்கமான வாயில் 3306. வேலை நடக்கவில்லையென்று அவசரப்பட்டு, அவ்வாயிலுக்கு 0.0.0.0/0 என்று அனுமதி எழுதிவிடுவார்கள். அதன் பொருள், ‘உலகில் யாரும் வரலாம்’ என்பது! 2017 சனவரியில், கடவுச்சொல்லின்றி இணையத்திலே திறந்து கிடந்த மொங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, மீட்புப் பணமும் கேட்கப்பட்டது. ஒரு சங்கத்தின் அங்கத்தவர் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் யாவும் அவ்விதம் போனால் எவர் பதில் சொல்வது? எம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். சேவையகத்துக்கு ஒரு செக்யூரிட்டி குறூப், தரவுத்தளத்துக்கு வேறொன்று. பின்னதன் விதியில், 3306க்கு வரத்தக்கவர் முன்னைய குறூப்பைச் சேர்ந்தவர் மாத்திரமே என்று எழுதுக. முகவரியை எழுதவேண்டா, சேவையகத்தை மாற்றினால் முகவரியும் மாறும், குறூப் மாறாது. பதில் திரும்பி வருவதற்குத் தனி விதியும் தேவையில்லை. அவ்வாறே, நிரலில் தரவுத்தளத்தின் எண் முகவரியை விடுத்து, நிறுவனம் தரும் பெயரையே இடுக. பழுதேற்பட்டு மாற்று இயந்திரம் பொறுப்பேற்றாலும் பெயர் அதுவேதான். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிவைத்தல், திறப்பைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும் (இதைச் சொன்னால் இளைஞர் சிலர் சிரிக்கிறார்கள், செய்தவர்கள்தாம் சிரிக்கிறார்கள் போலும்).

இணைப்பு வராவிடின் பிழைச் செய்தியை வாசியுங்கள். நெடுநேரம் காத்திருந்து ‘நேரம் முடிந்தது’ என்று வந்தால், பெரும்பாலும் வழி அடைபட்டிருக்கிறது. குறூப்பின் விதியைப் பார்க்க வேண்டும். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று உடனே வந்தால் மகிழலாம். உள்ளறை வாசல்வரை வந்துவிட்டீர்கள். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்தாற் போதும், வாயில் விதியைத் தொடவேண்டியதில்லை.