விதைநெல்லும் நாட்டுச் சட்டமும்



சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சட்டம் படிப்பவர் ஒருவரை அழைத்திருக்கலாம். தாவரவியல் படிக்கும் எம்மை அழைத்துவிட்டீர்கள். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் மெண்டலின் பட்டாணியைப் பிழையின்றி ஒப்புவிப்போம். எங்கள் வயலில் முன்னோர் விதைத்த நெல்லின் பெயர் யாதெனக் கேட்டாலோ விழிப்போம். அந்த வெட்கமே இன்று எம்மைப் பேச வைத்தது.

எங்கள் அப்பப்பா வன்னியிற் கமம் செய்தவர். விதைநெல்லை வேப்பிலையிட்டுத் தனியே வைப்பார். வீட்டில் அரிசி முடிந்தாலும் அதிலே கைவைக்க ஒருவருக்குந் துணிவு வராதாம். யுத்தத்தின் இறுதிக் காலத்தில் இடம்பெயர்ந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள். கொம்பறையைத் தூக்க முடியுமா? மீளக் குடியேறியபின் கிடைத்த விதை நல்ல விதைதான், விளைச்சலுந் தந்தது. ஆயினும் அப்பாச்சி இன்றும் பெயர் சொல்லித் தேடும் மொட்டைக்கறுப்பன் எங்கள் வயலுக்குத் திரும்பவில்லை. வேறிடத்தில் அது உண்டு. எங்கள் மண்ணுக்கும் மழைக்கும் பல தலைமுறையாகப் பழகிய அந்த விதை இல்லை.

இது ஒரு வீட்டுக் கதையென்று தள்ளிவிடாதீர்கள். 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்து இந்நாட்டு விளைச்சலை உயர்த்திய எச் 4 நெல்லின் பெற்றோரில் ஒன்று முருங்கைக்காயன் என்னும் நம் நாட்டு நெல்லேயாம். அறக்கொட்டி என்று கமக்காரர் அஞ்சும் கபில நிறத் தத்தியை எதிர்க்கும் பண்பை நெல் விஞ்ஞானிகள் தேடியபோது, அதனை இலங்கையின் ரத்து ஹீனட்டியிலும் பாபாவீயிலுங் கண்டனர். இவை ஆராய்ச்சிகூடத்திற் பிறந்தவையல்ல. பெயர் தெரியாத கமக்காரர் போகத்துக்குப் போகம் நல்ல கதிரைப் பொறுக்கி வைத்ததனால் எஞ்சியவை. நூல்களில் இனத்தின் பெயர் உண்டு. காத்தவன் பெயர் இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1995 இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் புலமைச் சொத்து உடன்படிக்கை, பயிரினங்களை ஆக்கவுரிமையினாலோ, தனக்கென வகுத்த வேறு முறையினாலோ, இரண்டினாலுமோ பாதுகாக்கும்படி நாடுகளைக் கேட்கிறது. ‘தனக்கென வகுத்த முறை’ என்பதிலேதான் நமக்கு இடமிருக்கிறது. நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தாவரங்களுக்கு ஆக்கவுரிமை வழங்குவதை விலக்கியது. அதே ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் விதையின் தரத்தையும் விதை கையாள்வோரையும் ஒழுங்குபடுத்த வந்தது. இரண்டும் வேண்டியவை. ஆனால் ஓரினத்தைப் பேணி வந்த கமக்காரனுக்கு அதன்மேல் என்ன உரிமை என்ற கேள்விக்கு இவற்றில் விடை காணோம்.

பாரதத்தில் விடை தேடினார்கள். அவர்களது 2001 ஆம் ஆண்டுச் சட்டம், பயிரினத்தை உருவாக்கியவருக்கு உரிமை கொடுத்த அதே ஏட்டில், விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கவும் மீண்டும் விதைக்கவும் மாற்றவும் விற்கவும் உழவனுக்கு உரிமை உண்டென்று எழுதிற்று. வணிகப் பெயர் பொறித்த விதையாக விற்பதுதான் ஆகாது. உழவர் பேணிய இனத்தையும் பதியலாம். இது ஏட்டுச் சுரைக்காயா என்பது 2019 இல் தெரிந்தது. குஜராத்தில் ஓர் உருளைக்கிழங்கு இனத்துக்காகப் பெப்சிகோ நிறுவனம் உழவர் சிலர்மீது வழக்கிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு கோடி ரூபாவுக்கு மேல் நட்டஈடு கேட்டது. நாடெங்கும் எதிர்ப்பெழவே அவ்வாண்டிலேயே வழக்குகளை மீளப்பெற்றது. அந்தப் பிரிவு சட்டத்தில் இல்லாதிருந்தால் அவ்வுழவர் எதைப் பற்றிக்கொண்டு நின்றிருப்பர்?

ஆனால் பிறர் சட்டத்தை அப்படியே பெயர்த்தெழுதினாற் போதாது. 1961 இல் பாரிசில் உருவான பயிரினப் பாதுகாப்பு உடன்படிக்கை, ஓரினம் மற்றவற்றினின்று வேறுபட்டும், தன்னுள் ஒரே சீராயும், மாறாமலும் இருக்கவேண்டுமென அளவுகோல் வைத்தது. நம் நாட்டு விதை ஒரே சீராய் இராது. ஒரு பிடி நெல்லில் ஒன்று உயரும், ஒன்று முந்திப் பூக்கும். மழை பிந்திய ஆண்டில் வயல் முழுவதும் ஒருங்கே அழியாமற் காப்பது அந்தச் சீரின்மைதான். சீர் இல்லையென்று பதிவேட்டிலிருந்து விலக்கும் சட்டம், காக்கவேண்டியதையே வெளியே நிறுத்திவிடும். ஆதலால் நாட்டு இனங்களுக்குத் தனிப் பதிவேடும், கமக்காரர் விதை மாற்றிக்கொள்ளும் உரிமையும், அவ்வினத்தால் இலாபம் வரின் பேணிய ஊருக்கு ஒரு பங்கும் எழுதப்படல் வேண்டும்.

கன்னொறுவையிலே பயிர் மரபு வள நிலையத்தில் விதைகளைக் குளிரூட்டிப் பேணுகின்றனர். நல்ல பணி. ஆனாற் குளிரறையில் உறங்கும் விதை நம் வயலின் வரட்சியையும் வெள்ளத்தையும் கண்டு பழகாதல்லவா?

பதிவேடு அரசாங்கம் திறக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வாயிலருகே மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலுள்ள நெல், குரக்கன், கத்தரி, பயறு எதுவாயினும் அதன் பெயரையும் ஊரையும் எவரிடமிருந்து வந்தது என்பதையும் எழுதிச் செல்லுங்கள். அப்பாச்சி நினைவிலிருந்து சொன்ன பெயர்களை முதற் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அந்த விதை எவரிடமாவது இருந்தால் அறியத் தாருங்கள்.